ஊசிக்கு முன்பே தொடங்க வேண்டிய பாட்டு: வலிதரும் சிகிச்சையின்போது குழந்தைகளுக்கு இசையைப் பயன்படுத்தும் முறை

ஊசி குத்தும்போது குழந்தைக்குப் பாட்டுப் போடுவது பலரும் செய்வதுதான். ஆனால் எப்படி நடக்கிறது? குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியதும் அம்மா பதறிப்போய் செல்போனை எடுக்கிறார். ஏதோ ஒரு பாட்டை முழுச் சத்தத்தில் வைத்து முகத்துக்கு நேராக நீட்டுகிறார். குழந்தை இன்னும் பெரிதாக அழுகிறது. "பாட்டுக்கெல்லாம் இவன் அடங்கமாட்டான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் பாட்டின் மேல் தவறு இருக்காது. அது வந்த நேரம்தான் தவறு. ஊசிக்குக் குறைந்தது 5 நிமிடம் முன்னால் தொடங்கி, ஒரே ஆள் பாடி, ஊசி முடிந்த பிறகும் 2, 3 நிமிடம் நிறுத்தாமல் இருந்தால் அதே குழந்தையிடம் அதே பாட்டு நன்றாகவே எடுபடும்.

ஸ்டான்லியிலும், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலும், எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலும் காத்திருக்கும் வடசென்னைப் பெற்றோரை நினைத்து இது எழுதப்படுகிறது. அங்கே வேலை செய்யும் சிஸ்டர்களுக்கும் உதவும். பயிற்சி பெற்ற இசை சிகிச்சையாளர் ஒவ்வொரு குழந்தையையும் தனியாக மதிப்பிட்டு, நொடிக்கு நொடி இசையை மாற்றி வாசிப்பார். அவருடைய வேலை வேறு. இங்கே சொல்வது, அவர் இல்லாத வார்டில் பெற்றோரும் செவிலியரும் பாதுகாப்பாகச் செய்யக்கூடியது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாட்டு வலி மருந்துக்குப் பதில் ஆகாது. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போதும், முதுகில் ஊசி போட்டுத் தண்ணி (தண்டுவட நீர்) எடுக்கும்போதும், எலும்பை நேராக்கும்போதும் குழந்தைக்கு மருந்து தேவை. "பாட்டுப் பாடினா போதும், மருந்து வேணாம்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஊசி போடும் இடத்தில் தடவும் மரத்துப்போகும் களிம்பு உண்டு. அது வேலை செய்ய ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும் என்பதால் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்க வேண்டும். கடையில் நாமே வாங்கித் தடவக் கூடாது. கைக்குழந்தைக்கு அளவு மிஞ்சினால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் கெட்டுவிடும்.

ஏன் வேலை செய்கிறது

வலி என்பது தோலில் குத்திய இடத்தில் மட்டும் உருவாவதில்லை. தண்டுவடத்திலும் மூளையிலும் அந்தச் செய்தி கூட்டப்படும், குறைக்கப்படும். ரொனால்ட் மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் 1965இல் முன்வைத்த 'கேட் கன்ட்ரோல்' கோட்பாட்டின் சாரம் இதுதான். பயமும் பதற்றமும் வலியைக் கூட்டும். கவனம் வேறொன்றில் இருந்தால் குறையும். பாட்டு கவனத்தை இழுப்பதோடு இன்னொன்றும் செய்கிறது. அது மூச்சுக்கு ஒரு வேலை கொடுக்கிறது. பயந்த குழந்தை மூச்சைப் பிடித்துக்கொள்ளும், உடம்பை விறைக்கும். விறைத்த கையில் நரம்பு (ரத்தக்குழாய்) கிடைப்பதும் கஷ்டம், ஊசி வலிப்பதும் அதிகம். பாடுகிறவர் மூச்சை விட்டே ஆக வேண்டும் அல்லவா, அதுதான் இங்கே நமக்குத் துணை.

வியட்நாமின் ஹனோயில் ரத்தப் புற்றுநோய்க்காக முதுகில் தண்ணி எடுக்கப்பட்ட 7 முதல் 12 வயது வரையிலான 40 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெட்போன் மாட்டினார்கள். பாதிப் பேருக்கு மட்டுமே அதில் பாட்டு வந்தது. பாட்டுக் கேட்டவர்களுக்கு வலி குறைவாக இருந்தது, நாடித்துடிப்பும் மூச்சு வேகமும் குறைந்திருந்தன. கனடாவின் எட்மண்டனில் 3 முதல் 11 வயதுள்ள 42 குழந்தைகளுக்கு அவசரப் பிரிவில் ட்ரிப்ஸ் ஊசி ஏற்றியபோது நடந்த ஆய்வு 2013இல் வந்தது. அதில் ஒட்டுமொத்தப் பதற்றத்தில் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இசை இல்லாத குழந்தைகளின் வலி மதிப்பெண் ஏறியது, இசை கேட்டவர்களுக்கு ஏறவில்லை. ஊசி ஏற்றியவர்களும் தங்கள் வேலை சுலபமாக இருந்ததாகச் சொன்னார்கள். எதிர்பார்ப்பு இந்த அளவில் இருந்தால் போதும். பாட்டு வலியைத் துடைத்து எறியாது. தாங்க வைக்கும்.

எந்தப் பாட்டு

குழந்தைக்குத் தெரிந்த பாட்டு. முதல் விதி இதுதான். குறிப்பிட்ட ராகம் குறிப்பிட்ட நோயைத் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நீலாம்பரி தூங்க வைக்கும் ராகம் என்று காலங்காலமாகச் சொல்வார்கள், அது அழகான ராகமும்கூட. ஆனால் அதுவரை கேட்டே இராத 4 வயதுப் பையனுக்கு ஊசி மேசையில் அதைப் போட்டால் அது வெறும் புதுச் சத்தம்தான். வீட்டில் தெலுங்கு பேசினால் தெலுங்குத் தாலாட்டு, உருது பேசினால் உருது. மணலியிலும் எண்ணூரிலும் வேலைக்கு வந்து தங்கியிருக்கும் பீகார், ஒடிசா குடும்பங்களுக்கு அவரவர் மொழி. சிஸ்டருக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, குழந்தைக்குப் புரியும்.

சினிமாப் பாட்டு என்றால் இரண்டு விஷயம் கவனியுங்கள். பல பாடல்களின் முன்னிசையே 20, 30 நொடி ஓடும். நடுவில் திடீரென்று டிரம்ஸ் இடிக்கும் பாட்டும் உண்டு. அந்த இடி விழும் நேரமும் ஊசி விழும் நேரமும் ஒன்றானால் குழந்தை துள்ளும். சத்தம் ஏறி இறங்காத பாட்டாகத் தேர்ந்தெடுத்து முழுவதையும் ஒருமுறை வீட்டில் கேட்டுவிடுங்கள். கானா பெரிய பையன்களுக்கு நன்றாகவே உதவும். ஊரின் சொந்தப் பாட்டு, தாளம் காலை ஆட வைக்கும். ஆனால் மரண கானா வார்டுக்குள் வேண்டவே வேண்டாம். பாட்டியே பாடினாலும் ஒப்பாரி இழுவை உள்ள மெட்டைத் தவிர்க்கச் சொல்லுங்கள். தாலாட்டும் ஒப்பாரியும் மெட்டில் நெருங்கியவை. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அம்மாவின் நிலைமை நமக்குத் தெரியாது.

திரும்பத் திரும்ப வர வேண்டிய குழந்தை என்றால், அதாவது ரத்தப் புற்றுநோய், தலசீமியா, ஹீமோபிலியா போன்ற ரத்த நோய்கள் என்றால், தினமும் தூங்க வைக்கும் பாட்டை ஊசிக்குப் பயன்படுத்தாதீர்கள். சில முறைக்குப் பிறகு அந்தப் பாட்டே ஊசியின் அறிகுறி ஆகிவிடும். ராத்திரி வீட்டில் தொடங்கினாலும் குழந்தை அழும். அதற்கென்று தனியாக ஒரு பாட்டு வையுங்கள். அதையும் ஊசியே இல்லாத நாட்களில், விளையாட்டு நேரத்தில், குறைந்தது வாரத்துக்கு இரண்டு முறை பாடிக்கொண்டிருந்தால்தான் அந்தப் பாட்டுக்குள் பயம் குடியேறாது. ஒரே ஒரு தடுப்பூசிக்கு வரும் கைக்குழந்தைக்கு இந்தக் கவலை இல்லை, பழகிய தாலாட்டே நல்லது.

வேகமும் சத்தமும்

அழுதுகொண்டிருக்கும் குழந்தையிடம் மெல்லிய தாலாட்டைத் தொடங்கினால் அது காதிலேயே விழாது. முதலில் குழந்தை இருக்கும் இடத்துக்குப் பாட்டு போக வேண்டும், பிறகு கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். அழுகையின் வேகத்துக்கு, நிமிடத்துக்கு 110, 120 தட்டு என்ற வேகத்தில், கொஞ்சம் உரத்த குரலில் தொடங்குங்கள். குழந்தை திரும்பிப் பார்த்ததும் நிமிடத்துக்கு 10 தட்டு வீதம் குறைத்துக்கொண்டே 70, 80க்கு இறக்குங்கள். இதற்கு 4, 5 நிமிடம் பிடிக்கும். முன்பே தொடங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். வேகத்தை அளப்பது எளிது. தொடையில் தட்டிக்கொண்டே பாடி, 15 நொடியில் எத்தனை தட்டு என்று எண்ணி 4ஆல் பெருக்குங்கள். பதிவு செய்த பாட்டு இப்படிக் குழந்தைக்கு ஏற்ப இறங்காது. அதனால்தான் சுருதி சேராத அம்மாவின் குரல்கூட நல்ல ஸ்பீக்கரை விட மேல். "எனக்குப் பாட வராது சிஸ்டர்" என்பவர்கள் 'ம்ம்ம்' என்று ராகம் இழுத்தாலே போதும்.

செல்போனில் போடுவதானால் போன் குழந்தையின் காதிலிருந்து ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கட்டும். நீங்கள் குரலை உயர்த்தாமல் பேசினால் குழந்தைக்குக் கேட்க வேண்டும், அதுதான் அளவு. ஒலி அளக்கும் செயலி இருந்தால் 50 முதல் 60 டெசிபல். ஹெட்போன் என்றால் அளவுகோலில் பாதியைத் தாண்ட வேண்டாம். ஒரு காதை மூடி இன்னொன்றைத் திறந்து வைத்தால் அம்மா குரலும் கேட்கும். காதுக்குள் செருகும் சின்ன இயர்பட்ஸ் 3 வயதுக்குக் கீழே கூடவே கூடாது. கழன்று வந்தால் வாயில் போட்டுக்கொள்வார்கள்.

பாட்டை முன்கூட்டியே டவுன்லோட் செய்து போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். யூடியூபில் நேரடியாக ஓட்டினால் சரியாக ஊசி குத்தும் நொடியில் விளம்பரம் அலறும், அல்லது மாமியாரின் அழைப்பு வரும். ப்ளூடூத் ஸ்பீக்கர் திடீரென்று துண்டிக்கும். முந்தின ராத்திரியே சார்ஜ் போட்டுவிடுங்கள். வார்டில் காலியான பிளக் பாயிண்ட் கிடைப்பது அரிது.

வென்ஃப்ளான் (ட்ரிப்ஸ் ஏற்றும் ஊசி) போடும்போது: 3 முதல் 7 வயது

இந்த வயதுக்கு மிக நன்றாக வேலை செய்வது, கேள்வியும் பதிலுமாகப் பாடும் பாட்டு. காசிமேட்டில் வலை இழுக்கும்போதும் படகு தள்ளும்போதும் ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் 'ஐலசா' போடுவது எல்லோருக்கும் தெரியும். அந்த அமைப்பு மூச்சோடு ஒத்துப்போகும். அடி எடுப்பவர் பாடும்போது மற்றவர் மூச்சை இழுப்பார், 'ஐலசா'வில் விடுவார். அதையே இப்படி எடுத்துக்கொள்ளலாம்:

ஏலேலோ — ஐலசா
கைய நீட்டு — ஐலசா
பட்டை இறுக்குது — ஐலசா
ஈரப் பஞ்சு — ஐலசா
சில்லுனு இருக்கு — ஐலசா
சுருக்குனு குத்தும் — ஐ...ல...சா...
டேப்பு ஒட்டு — ஐலசா
முடிஞ்சே போச்சு — ஐலசா

அடி உங்களுடையது, 'ஐலசா' குழந்தையுடையது. ஒரு அடிக்கு 2 நொடி, அதில் குழந்தை மூச்சை இழுக்கும். 'ஐலசா'வுக்கு 3 நொடி, அதில் விடும். பதற்றமாக இருந்தால் மொத்தம் 3 நொடியில் தொடங்கி மெதுவாக 5 நொடிக்கு நீட்டுங்கள். 6 சுற்றுக்கு ஒருமுறை சும்மா ஓய்வு. நிறுத்தாமல் பெருமூச்சு விட்டால் தலை சுற்றும்.

பாட்டின் ஒவ்வொரு அடியும் ஊசியின் ஒவ்வொரு கட்டம். கையில் கட்டும் டூர்னிகே, ஸ்பிரிட் பஞ்சு, குத்து, பிளாஸ்திரி என்று அடுத்து என்ன வரும் என்பதைப் பாட்டே சொல்லிவிடுகிறது. தெரியாமல் வரும் வலி குழந்தைக்கு இரண்டு மடங்கு. அதனால் சிஸ்டரின் கையைப் பார்த்துக்கொண்டே பாட வேண்டும். அவர் பஞ்சை இன்னும் எடுக்கவில்லை என்றால் 'கைய நீட்டு' அடியிலேயே சுற்றிக்கொண்டிருங்கள், முந்தாதீர்கள். முதலிலேயே அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது: "சிஸ்டர், இவன நான் மடில வெச்சுக்கறேன், பாடிக்கினே இருப்பேன். நீங்க குத்தறதுக்கு முன்னாடி தலைய மட்டும் ஆட்டுங்க." பெரும்பாலான சிஸ்டர்கள் ஒத்துக்கொள்வார்கள், அடங்கிய கை அவர்களுக்கும் லாபம்தானே.

உட்காரும் விதம் முக்கியம். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து நான்கு பேர் அமுக்கினால் எந்தப் பாட்டும் பலிக்காது. கை இல்லாத நாற்காலியில் அம்மா உட்கார்ந்து, குழந்தையை மார்போடு மார்பாக அணைத்து, ஊசி போடும் கையை மட்டும் தன் அக்குளுக்கடியில் பின்னால் நீட்டி மேசையில் வைக்கலாம். முழங்கைக்கு மேலே ஒருவர் மென்மையாகப் பிடித்தால் போதும். தாளம் போடும் வேலையைக் காலுக்குக் கொடுங்கள். கையால் தட்டச் சொன்னால் ஊசிக் கையும் சேர்ந்து ஆடும்.

பாடுகிறவர் ஒருவர்தான். அப்பா ஒரு பக்கம் "அழாதடா" என்று, ஆயா இன்னொரு பக்கம் "ஆச்சு ஆச்சு" என்று, சிஸ்டர் "கைய ஆட்டாத" என்று ஒரே நேரத்தில் பேசினால் குழந்தைக்கு எந்தக் குரலும் பிடிபடாது. யார் பாடுவது என்று உள்ளே போகும் முன்னாலேயே வீட்டாருக்குள் பேசிவிடுங்கள். ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருபவர் அந்த வேலையை எடுக்க வேண்டாம்.

நரம்பு கிடைக்காமல் இரண்டாவது முறை குத்த வேண்டி வரும், குழந்தைகளுக்கு அது சகஜம். அப்போது பாட்டை நிறுத்துங்கள். "அந்தப் பக்கம் கிடைக்கல கண்ணு, இந்தக் கைல பாப்பாங்க" என்று உண்மையைச் சொல்லி, 30 நொடி அணைத்து வைத்துக்கொண்டு, 'கைய நீட்டு' அடியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். 'முடிஞ்சே போச்சு' என்ற அடியை நிஜமாகவே பிளாஸ்திரி ஒட்டி முடித்த பிறகுதான் பாட வேண்டும். ஒருமுறை பொய்யாகப் பாடிவிட்டால் அடுத்த முறை அந்தப் பாட்டைக் குழந்தை நம்பாது. இரண்டு முறை குத்தியும் கிடைக்காவிட்டால் வேறொருவரை முயலச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

"வலிக்கவே வலிக்காது" என்று சொல்லாதீர்கள். "சுருக்குனு ஒரு குத்து, பாட்டு முடியறதுக்குள்ள ஆயிடும்" என்பது சரி. அதைவிட முக்கியம், சாப்பிடாமல் அடம் பிடிக்கும்போது "நர்சம்மாவ கூப்ட்டு ஊசி போடச் சொல்லவா" என்று மிரட்டும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவது. வீட்டில் வருஷம் முழுக்க ஊசியைத் தண்டனையாக்கிவிட்டு வார்டில் 5 நிமிடம் பாடுவதால் பயம் போய்விடாது.

புதன்கிழமை தடுப்பூசி

புதன்கிழமை தடுப்பூசி நாளில் சுகாதார நிலையத்தில் கூட்டம் இருக்கும். ஒரு குழந்தை அழுதால் வரிசையில் உள்ள எல்லாக் குழந்தைகளும் அழும். டோக்கன் வாங்கியதும் ஊசி போடும் அறை வாசலில் நிற்காமல், அழுகை கேட்காத ஓரமாகப் போய் தாலாட்டைத் தொடங்குங்கள்.

6ஆவது, 14ஆவது வாரங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊசிகள் உண்டு. கூடவே வாயில் விடும் சொட்டு மருந்தும் உண்டு. ரோட்டா சொட்டு மருந்து இனிப்பு என்பதால் அதை முதலில் கொடுத்துவிட்டு ஊசிக்குப் போவது நல்லது. வலி அதிகமுள்ள ஊசி கடைசியில். ஊசி போடும்போதோ அதற்குச் சற்று முன்போ தாய்ப்பால் கொடுப்பதும், குழந்தையைப் படுக்க வைக்காமல் அணைத்துப் பிடிப்பதும் உலக சுகாதார நிறுவனம் 2015இல் தடுப்பூசி வலி பற்றி வெளியிட்ட பரிந்துரைகளில் உள்ளவை. பால் குடிக்கும் குழந்தைக்கு வார்த்தை வேண்டாம். வாயை மூடி 'ம்ம்ம்' என்று தாழ்ந்த குரலில் ராகம் இழுத்தால் அதிர்வு அம்மாவின் மார்பு வழியாகவே குழந்தையின் கன்னத்துக்குப் போகும். தோளில் தட்டுவது நிமிடத்துக்கு 60, 70 என்று ஒரே சீராக இருக்கட்டும். பதற்றத்தில் நம் கை தானாகவே வேகமெடுக்கும், அதைக் கவனித்துத் தணியுங்கள். ஊசி முடிந்து குழந்தை வீறிட்டால் ஒரு கணம் குரலை உயர்த்தி அந்த அழுகையோடு சேர்ந்து, பிறகு இறக்குங்கள்.

குறைமாதக் குழந்தைகள் பிரிவில் நாமாக எதுவும் செய்யக் கூடாது. அந்தக் குழந்தைகளுக்குப் பேச்சுச் சத்தம்கூட அதிகம். சிஸ்டர் அனுமதித்தால், மார்போடு அணைத்திருக்கும் நேரத்தில் அம்மா மிக மெதுவாக முனகலாம். குழந்தை முகத்தைத் திருப்பினாலோ, விரல்களை விரித்தாலோ, நிறம் மாறினாலோ உடனே நிறுத்த வேண்டும்.

முதுகில் தண்ணி எடுக்கும்போது

இங்கே பாட வைக்கக் கூடாது. குழந்தை ஒருக்களித்து முழங்காலை வயிற்றோடு மடக்கி, அசையாமல் இருக்க வேண்டும். வாய்விட்டுப் பாடினால் வயிறும் முதுகும் அசையும். முக்கினாலோ அழுதாலோ தண்டுவட நீரின் அழுத்தமும் ஏறி, அழுத்தம் அளக்கும்போது தவறான கணக்கு வரும். கேட்பது மட்டும்தான். ஹெட்போனை ஊசிக்கு 10 நிமிடம் முன்பே மாட்டி, குழந்தை தானே தேர்ந்தெடுத்த பாட்டை ஓட விடுங்கள். மேலே இருக்கும் காதில் மட்டும் இருந்தால் போதும், கீழே அழுந்தும் காது வலிக்கும். முகத்துக்கு நேரே நீங்கள் மண்டியிட்டு உட்கார்ந்தால் உங்கள் முகம் அதற்குத் தெரியும். பாட்டில் குறிப்பிட்ட ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்று மனசுக்குள் எண்ணச் சொல்வது 7 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நல்ல வேலை. மயக்க மருந்து கொடுத்திருந்தால் பாட்டை இன்னும் தாழ்த்துங்கள். கெட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்த குழந்தை தெளியும்போது அமைதியான, மங்கிய வெளிச்சமுள்ள இடம்தான் தேவை. அப்போது பாட்டே வேண்டாம்.

தீக்காயக் கட்டு மாற்றும்போது

கொதிக்கும் தண்ணீர், குழம்பு, தீபாவளிப் பட்டாசு. தீக்காயம் பட்ட வடசென்னைக் குழந்தைகள் பலர் கீழ்ப்பாக்கம் தீக்காயப் பிரிவுக்குத்தான் போகிறார்கள். ஊசி ஒரு நிமிட வேலை. கட்டு மாற்றுவதோ அரை மணி நேரம்கூட ஆகும், அதுவும் பல வாரங்களுக்குத் திரும்பத் திரும்ப. இதில்தான் இசையின் பங்கும் பெரியது, தவறாகப் போகும் வாய்ப்பும் பெரியது.

வலி மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள், வேலை செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு, அந்தக் காத்திருப்பு நேரத்தில் மெதுவான, பழகிய பாட்டை ஓட விடுங்கள். இது முதல் பகுதி. பழைய கட்டைத் தண்ணீர் விட்டு ஊற வைக்கும்போதும் இதே பாட்டு தொடரலாம். ஒட்டிய துணியை உரிக்கத் தொடங்கும்போது, கேட்கும் பாட்டு போதாது. குழந்தை தானே ஏதாவது செய்ய வேண்டும். காயம்படாத கையில் ஒரு கிலுகிலுப்பை கொடுங்கள், 'ஐலசா' சொல்லட்டும், அல்லது நீங்கள் பாடும் அடியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு அதை நிரப்பச் சொல்லுங்கள். கழுவும் கட்டம்தான் மிகவும் வலிக்கும், அங்கே தாளம் தெளிவாகவும் கொஞ்சம் வேகமாகவும் இருக்கட்டும். மருந்து தடவிப் புதுக் கட்டுச் சுற்றத் தொடங்கியதும் வேகத்தை இறக்கி, முதலில் ஓடிய அதே மெதுவான பாட்டுக்கு வாருங்கள். அந்தப் பாட்டு திரும்பி வந்தால் கஷ்டம் தீர்ந்தது என்று சில நாட்களிலேயே குழந்தைக்குப் பிடிபட்டுவிடும்.

நிறுத்தச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குக் கொடுப்பது பாட்டைவிட முக்கியம் என்றே சொல்ல வேண்டும். கிலுகிலுப்பையை மூன்று முறை வேகமாக ஆட்டினால் எல்லோரும் கையை எடுக்க வேண்டும். நீங்கள் 20 வரை மெதுவாக எண்ணுவீர்கள், பிறகு தொடரலாம். இப்படி எத்தனை முறை நிறுத்தலாம் என்று டிரெஸ்ஸிங் செய்பவரோடு முன்பே பேசிக்கொள்ளுங்கள், 3 முறை என்பது பெரும்பாலும் ஒத்துவரும். ஒப்புக்கொண்ட பிறகு அந்த நிறுத்தத்தை மதிக்காமல் போனால் குழந்தை இனி எதையும் நம்பாது.

கிலுகிலுப்பை வாய்க்குள் நுழையாத அளவு பெரிதாக, பிரித்தெடுக்க முடியாத பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். மரம், தோல், துணி, மணி கோத்த கயிறு எதுவும் தீக்காய வார்டுக்கோ புற்றுநோய் வார்டுக்கோ கூடாது, கிருமி தங்கும். ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குப் போகும் முன் சோப்பு நீரில் கழுவி, 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, காய விட வேண்டும். பீப்பி, மவுத் ஆர்கன் போல வாயில் வைத்து ஊதுபவற்றைப் பகிரவே கூடாது. அட்டைப்பெட்டியில் பருப்பு போட்டு வீட்டில் செய்வதும் ஆகாது; உடைந்தால் பருப்பு மூக்குக்குள்ளோ தொண்டைக்குள்ளோ போகும்.

பெரிய பிள்ளைகள்

12 வயதுக்கு மேல் அம்மா பக்கத்தில் நின்று பாடினால் வெட்கமாக இருக்கும், மற்றவர்கள் முன்னால் கோபம் வரும். எந்தப் பாட்டு, எவ்வளவு சத்தம், யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எல்லாமே அவர்கள் முடிவு. ஒரே ஒரு நிபந்தனை: ஒரு காது திறந்திருக்க வேண்டும், சிஸ்டர் சொல்வது கேட்க வேண்டும். பாட்டின் எந்த இடத்தில் குத்தலாம் என்று அவர்களே சொல்லட்டும். "இந்த பல்லவி ரெண்டாவது வாட்டி வரும்போது" என்று சொல்லும் பிள்ளை அந்த நொடிக்குத் தயாராக இருக்கும்.

எப்போது பாட்டு வேண்டாம்

குழந்தை காதைப் பொத்தினால், முகத்தைத் திருப்பினால், "வேணாம்" என்றால் நிறுத்திவிடுங்கள். அமைதியும் ஒரு ஆறுதல்தான். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்குச் சத்தமே வலி. அவர்களுக்குக் காதை மூடும் ஹெட்போன் மட்டும் மாட்டலாம். தலையில் அடிபட்டவர்களுக்கும் வலிப்பு உள்ளவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள். காது கேளாத குழந்தைக்கு உங்கள் தொண்டையிலோ மார்பிலோ அதன் கையை வைத்துக்கொண்டு பாடுங்கள், அதிர்வு போய்ச் சேரும். உள்ளங்காலில் தாளம் தட்டுவதும் உதவும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் போன், ஹெட்போன், ஸ்பீக்கர் எதுவும் கொண்டுபோகக் கூடாது. அவர்களே தரும் ஹெட்போன் இருக்கிறதா என்று கேளுங்கள்.

குறித்து வையுங்கள்

பேசத் தெரியாத குழந்தையின் வலியை அளக்க மருத்துவமனைகளில் முகம், கால், உடல் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண் போடுவார்கள், மொத்தம் 10. 2 மாதம் முதல் 7 வயது வரை இது பொருந்தும். பெற்றோரும் இதைப் போடலாம். ஊசிக்கு முன், குத்தும்போது, 2 நிமிடம் கழித்து என்று மூன்று எண்கள். 2 நிமிடம் கழித்தும் 7 அல்லது அதற்கு மேல் நின்றால் அது பாட்டால் தீரும் வலி இல்லை. உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

மருத்துவமனை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, என்ன பாட்டு, யார் பாடினார், எத்தனை நிமிடம் முன்னால் தொடங்கினீர்கள், எந்தக் கையில் நரம்பு கிடைத்தது, மூன்று எண்கள் என்று ஒரே வரியில் எழுதுங்கள். அடுத்த முறை வேறு டியூட்டி சிஸ்டர் இருப்பார். அந்தப் பக்கத்தை முதலில் அவரிடம் காட்டுங்கள்.